தியான வகுப்பா, வார ஓய்வா?

கேள்வி: எங்கள் ஊர் சிக்னல்களில் போக்குவரத்துக் காவலர்கள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்கள். யோகா, தியான வகுப்புகள் நடத்தி அவர்கள் மனத்தைப் பக்குவப்படுத்தக் கூடாதா?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: நடத்தலாம், ஆனால் எந்த நாளில்? ஓய்வு நாளில்தான் வகுப்பு என்றால், இருக்கிற ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டு மன அமைதியைப் போதிப்பதாக ஆகிவிடும். காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-லேயே அரசாணை வந்துவிட்டது. ஆயினும் கோவையில் கோனியம்மன் தேரோட்டம், உங்கள் ஊரில் தீபாவளி போனஸ் வாரத்து நெரிசல், எங்கேயும் எப்போதும் தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்து வந்துவிட்டால், முதலில் பறிபோவது அந்த ஓய்வுதான். என்றைக்கு வீட்டில் இருப்போம் என்பதே தெரியாதவருக்குத் தூக்கம் கெடுகிறது, வீட்டில் பேச்சுத் தடிக்கிறது, மெல்ல மனச்சோர்வும் பற்றுகிறது.

ஓயாத ஹாரன் இரைச்சல் காதை மட்டும் கெடுப்பதில்லை. உடலை எந்நேரமும் பதற்றத்திலேயே வைத்திருந்து, இரவில் படுத்த பிறகும் உறங்கவிடாது. கத்திரி வெயிலில் நிற்கும் பெண் காவலர், கையில் தண்ணீர் பாட்டில் இருந்தும் தாகத்தோடு நிற்கிறார். சந்திப்பில் கழிப்பறை இல்லாமல், பக்கத்துப் பேக்கரியிலோ பெட்ரோல் பங்கிலோ போய்க் கேட்க வேண்டும் என்பதால் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்.

தலைக்கவசம் அணியாததற்கான அபராதம் 2022 அக்டோபரில் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆயிற்று. சட்டம் சரியானதே. ஆனால் ஷிப்ட் முடிந்து வரும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியே கைவிட்டுப் போகும்போது, அந்த ஆத்திரம் முழுவதும் ரசீது நீட்டுபவர் மேல்தான் விழுகிறது. அந்தத் தொழிலாளிக்காவது குறையைச் சொல்லச் சங்கம் உண்டு. காவலர்கள் சங்கம் அமைப்பதையோ 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மருத்துவரிடம் போகலாமென்றால், பதவி உயர்வு கெடுமோ என்ற அச்சம். மனச்சோர்வு பதவி பார்த்து வருவதில்லை என்பதை 2023 ஜூலையில் கோவை சரகக் காவல்துறையின் உயர் அதிகாரியான டி.ஐ.ஜி. தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது கண்கூடாகக் கண்டோம்.

மரியாதைக் குறைவாகப் பேசும் காவலர் மேல் நீங்கள் தாராளமாகப் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அதோடு இவற்றையும் கேளுங்கள்: மாதத் தொடக்கத்திலேயே ஓய்வு நாள் அட்டவணை, பெரிய சந்திப்புகள் ஒவ்வொன்றிலும் நிழற்குடையும் கழிப்பறையும், மனநல சிகிச்சைக்குப் போனது பணிப் பதிவேட்டில் ஏறாது என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. யோகா வகுப்பை அதன் பிறகு, விருப்பமுள்ளவர்களுக்கு, பணி நேரத்திலேயே நடத்தட்டும்.