சமையலறை நடுமேடைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் சொந்த அடுக்ககத்தில் வசிக்கிறோம். கணவரும் நானும் சேர்ந்து மாதம் 95,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வீட்டுக்கடன் தவணை 27,000, குடும்பச் செலவு 50,000. வங்கியில் 3.5 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மாமியாருக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்க முடியவில்லை. 10-க்கு 12 அடி சமையலறையில் அடுப்பும் தொட்டியும் பதித்த நடுமேடை அமைக்க 4.2 லட்சம் கேட்கிறார்கள். வைப்புத்தொகையை எடுப்பதா, தனிநபர் கடன் வாங்குவதா?

பதில்: இரண்டுமே வேண்டாம். மேடை உங்களுக்குத் தேவைதான். ஆனால் இந்த மேடை உங்கள் வீட்டுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டின் கடைசி வரியில் ‘வரி தனி’ என்று இருக்கிறது. 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் தொகை 4,95,600 ஆகிவிடும். 5 லட்சத்தை 14% வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குக் கடனாக வாங்கினால் தவணை சுமார் 17,090. வட்டி மட்டும் ஏறத்தாழ 1.15 லட்சம். இப்போது மாதம் 18,000 மிஞ்சுகிறது. தவணை போனால் கையில் நிற்பது 900 ரூபாய்தான். அந்தக் கடன் முடிவதற்குள் மகன் கல்லூரியில் சேர்ந்திருப்பான். வைப்புத்தொகையையும் தொடாதீர்கள். வருமானம் நின்றுபோனால் நாலரை மாதம் குடும்பத்தைத் தாங்கும் பணம் அது. ஆறு மாதத்துக்கே அது போதாது.

இனி அளவுக்கு வருவோம். படத்தின்படி சமையல் மேடை இரண்டு சுவர்களை ஒட்டி ‘ட’ வடிவில் 2 அடி ஆழத்தில் இருக்கிறது. எதிர்ச் சுவரின் மூலையில் ஃபிரிட்ஜ் இரண்டரை அடி ஆழத்தில் நிற்கிறது. அகலத்தில் மீதி ஐந்தரை அடி. நடுவில் இரண்டரை அடி அகல மேடையைப் போட்டால் இருபுறமும் ஒன்றரை அடிதான். ஃபிரிட்ஜ் கதவே முழுதாகத் திறக்காது. ஆள் நடக்கக் குறைந்தது 3 அடி வேண்டும். இருவர் சமைக்கும் இடத்தில் 4 அடி இருந்தால் நல்லது. எனவே 2 அடி அகலம், 4 அடி நீளத்துக்கு மேல் போகாதீர்கள். அதையும் ஃபிரிட்ஜுக்கு நேரே வைக்காமல் மறுகோடிக்கு நகர்த்தினால், சுற்றிலும் 3 அடி கிடைக்கும்.

செலவை ஏற்றுவது தொட்டியும் அடுப்பும்தான். நடுவில் தொட்டி வைக்கத் தரையை உடைத்து, கழிவுநீர்க் குழாயைச் சரிவாகப் பதிக்க வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்பு சரியாக அமையாவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். சங்கத்தின் அனுமதியும் கேட்க வேண்டியிருக்கும். அடுப்புக்கு எரிவாயுக் குழாய், தலைக்கு மேல் தொங்கும் புகைபோக்கி என்று தனிச் செலவுகள். ரப்பர் குழாயைத் தரைக்குள் புதைக்கவே கூடாது. தாளிக்கும்போது எண்ணெய் நாலாபக்கமும் தெறிக்கும். சுவரோரம் இருக்கும் அடுப்பும் தொட்டியும் அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் உண்மையான தேவை மாமியார் உட்கார்ந்து நறுக்க ஓரிடம். வழக்கமான மேடை 34 அங்குல உயரம் இருக்கும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ய 30 அங்குலம்தான் வசதி. ஒரு பக்கம் முழங்கால் நுழையக் காலியிடம், மறுபக்கம் காய்கறிக்கு இழுப்பறை, மேலே கிரானைட் பலகை போதும். மிக்ஸிக்கு மின்இணைப்பு வேண்டுமானால் எலக்ட்ரீஷியனிடம் தனியாக மதிப்பீடு வாங்குங்கள்.

இதற்கு 90,000 ரூபாய் உச்சவரம்பு வையுங்கள். மாத மிச்சத்தை ஐந்து மாதம் தொடர்வைப்பில் போட்டால் அந்தத் தொகை சேர்ந்துவிடும். அதற்குள் தரையில் சாக்கட்டியால் 2-க்கு 4 அடி கட்டம் வரைந்து, அதே இடத்தில் ஒரு மேஜையைப் போட்டு ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். மாமியாரையும் உட்காரவைத்து, இடுப்பு வலிக்கிறதா என்று கேளுங்கள். பிறகு தச்சர், கிரானைட் கடை இரண்டிடமும் தனித்தனியாக, வரி சேர்த்து எழுத்தில் விலை வாங்குங்கள். முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தராதீர்கள். கடைசிப் பத்து சதவீதத்தை இழுப்பறைகள் எல்லாம் தடையின்றித் திறந்து மூடுவதைப் பார்த்த பிறகே கொடுங்கள்.