புறா பெருகினால் போதுமா?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் எங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. ஆனாலும் புறா, காகம், மைனாவுக்குக் குறைவே இல்லை. அப்புறம் ஏன் நகரம் வளர்ந்தால் பறவைகளுக்கு ஆபத்து என்கிறார்கள்?

பதில்: எத்தனை பறவை என்று பார்க்காதீர்கள், எத்தனை வகை என்று பாருங்கள். மாடப்புறா ஆதியில் பாறை இடுக்குகளில் கூடு கட்டிய பறவை, அதனால் ஏசி பெட்டியின் பின்புறமும் ஜன்னல் விளிம்பும் அதற்குத் தாராளமாகப் போதும். காகமும் மைனாவும் எதையும் தின்னும், பிழைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மிதக்கும் இலைகள் மேல் முட்டையிடும் நீளவால் இலைக்கோழி, கோரைப் புதருக்குள் வாழும் நீலத் தாழைக்கோழி, சேற்றிலும் ஆழம் குறைந்த நீரிலும் இரை தேடும் உள்ளான்கள், இவையெல்லாம் மொட்டை மாடிக்குக் குடிமாறவே முடியாது. பல ஆயிரம் ஏக்கர் பரந்திருந்த அந்தச் சதுப்பு நிலத்தைச் சாலையும் ஐடி கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் தின்றதுபோக மிஞ்சியது சிறு பகுதிதான். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்தது உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனால் சுற்றிலும் உள்ள ஏரிகளிலிருந்து நீர் வரும் கால்வாய்களை மூடிக் கட்டினால், வேலிக்குள் இருக்கும் நிலமும் காய்ந்துபோகும். அந்தக் கால்வாய்களில் சில உங்கள் பகுதி வழியாகவும் வருகின்றன, கொஞ்சம் கவனியுங்கள்.