பெயின்ட் அடித்த குளியலறைச் சுவரில் நாமே டைல்ஸ் ஒட்டலாமா? சுவரை எப்படித் தயார் செய்வது?

ஒட்டலாம், ஆனால் பெயின்டின் மேலேயே ஒட்டாதீர்கள். நான் முதல்முறை அப்படித்தான் செய்தேன். சில மாதங்களில் ஷவருக்குக் கீழே ஒரு டைல் கழன்று கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் பசை டைலை இறுகப் பிடித்திருக்கிறது, பசையின் மேல் பெயின்டும் புட்டியும் தோல் போல உரிந்து வந்திருக்கின்றன. பசையில் குறையே இல்லை. சுவர்தான் பெயின்டை விட்டுவிட்டது.

அதனால் சிமென்ட் பூச்சு தெரியும்வரை பெயின்ட், புட்டி இரண்டையும் சுரண்டி எடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் மொத்த உழைப்பில் பாதியை இங்கே போட்டாலும் தகும். சுவரை நனைத்துக்கொண்டே சுரண்டுங்கள், தூசி மாஸ்க் போடுங்கள். பழைய வீட்டுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், சிமென்ட் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல்.

அப்புறம் சுத்தியல் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக் கேளுங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு, அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். புதுப் பூச்சை முதல் சில நாள் ஈரமாக வைத்து, மொத்தம் 28 நாள் விட்டுவிடுவது நல்லது. காயும்போது அது சுருங்கும், அவசரப்பட்டால் அந்த இழுவிசை டைலில் தெரியும். கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் பெயின்டோ எண்ணெய்ப்பிசுக்கோ இன்னும் மிச்சம் இருக்கிறது.

மட்டம் பார்க்க 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டியைச் சுவரில் வைத்துப் பாருங்கள். எங்கேயும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். பள்ளத்தை டைல் ஒட்டும்போது கூடுதல் பசை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். தடிமனான பசை காயும்போது சுருங்கி டைலை உள்ளே இழுத்துவிடும். பூச்சு போடும்போதே நிரவிவிடுங்கள்.

சுவருக்குள் போகும் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று இப்போதே அழுத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

அடுத்தது வாட்டர்ப்ரூஃபிங். பலர் விட்டுவிடுவது இதைத்தான். டைல்ஸே தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் டைல்களின் இடுக்கில் நிரப்பும் சாதாரண சிமென்ட் கிரவுட் வழியாக ஈரம் உள்ளே போகும். மேலே டைல்ஸ் ஒட்டுவதற்கு ஏற்றது என்று போட்டிருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சையே வாங்கி, இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் காய்ந்தபின் இரண்டாவதைக் குறுக்குவாட்டில் அடித்தால் விட்டுப்போன இடம் இருக்காது. மூலைகளிலும், சுவரும் தரையும் சேரும் இடத்திலும், குழாய் வாய்களைச் சுற்றியும் வலை நாடா பதித்து அடியுங்கள். ஷவர் பக்கம் குறைந்தது 1.8 மீட்டர் உயரம் வரை போகட்டும்.

பிடிமானத்துக்கு என்று மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் அடிக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், ஈரம் பட்டால் அது மறுபடி இளகும். ஷவர் பக்கத்துச் சுவர் ஜிப்சம் பலகை என்றால் அதைக் கழற்றிவிட்டு சிமென்ட் பலகை போடுங்கள், மேலே எது பூசினாலும் நான் நம்பமாட்டேன்.