பிக்கியா ஈஸ்டில் மெத்தனால் ஊற்றியும் புரதம் வரவில்லையே, ஏன்?

பெரும்பாலும் மிச்சமிருக்கும் கிளிசரால்தான் காரணம். புரதம் தயாரிக்கப் பயன்படும் பிக்கியா பாஸ்டோரிஸ் ஈஸ்டில், புரத மரபணுவுக்கு சுவிட்ச் போன்ற ஏஓஎக்ஸ்1 புரோமோட்டரை இயக்க மெத்தனால் மட்டும் போதாது. கிளிசராலோ குளுக்கோஸோ இருக்கும்வரை அது அடங்கியே கிடக்கும்.

முதலில் 1% கிளிசரால் உள்ள வளர்ப்பு ஊடகத்தில், 28 முதல் 30 டிகிரியில், ஓ.டி. 600 அளவு (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 2 முதல் 6 வரும்வரை செல்களை வளர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல் திரவத்தை முழுக்கக் கொட்டிவிட்டு, செல்களை மெத்தனால் ஊடகத்தில் ஓ.டி. 1 அளவுக்குக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 0.5% மெத்தனால் சேர்க்க வேண்டும். 100 மில்லிக்கு அரை மில்லி. அது ஆவியாகும், செல்களும் தின்னும் என்பதால் ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் ஃபார்மால்டிஹைடு சேர்ந்து செல்கள் சாகும்.

அடுத்த சந்தேகம் காற்று. மெத்தனாலை எரிக்க ஆக்சிஜன் நிறைய வேண்டும். குடுவையில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல், 250 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் குலுக்குங்கள். மூடிக்குப் பதில் மெல்லிய துணி போதும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டக் கூடாது.

மட்‌-எஸ் வகை (ஏஓஎக்ஸ்1 மரபணு செயல்படாத ஈஸ்ட்) என்றால் மெத்தனாலில் மிக மெதுவாகவே வளரும். அதற்கு ஓ.டி. 1 அளவுக்குப் பதில், கிளிசரால் வளர்ப்பின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால் ஊடகத்தில் செறிவாகக் கலந்து தொடங்குங்கள்.

முதல் நாள் ஜெல்லில் (புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை) தெரிந்த புரதப் பட்டை மூன்றாம் நாள் மங்கினால் புரோமோட்டரைக் குறை சொல்லாதீர்கள், புரதத்தை வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்கள் தின்கின்றன. பிஎச் அளவை மாற்றிப் பாருங்கள், 1% காசமினோ அமிலம் (அமினோ அமிலக் கலவை) சேர்த்துப் பாருங்கள். மெத்தனாலே வேண்டாமென்றால் எப்போதும் இயங்கும் ஜிஏபி புரோமோட்டர் இருக்கிறது, ஆனால் செல்லுக்கு நஞ்சாகும் புரதத்துக்கு அது ஒத்துவராது.