வீடியோ போட்ட பிறகு காப்புரிமை கேட்கலாமா?

கேள்வி: என் தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். காலால் மிதித்துத் தேங்காய் உரிக்கும் கருவி ஒன்றை அவனே செய்து, ஐந்து மாதம் முன்பு யூடியூபில் வீடியோ போட்டான். இப்போது வேறொருவர் அதே மாதிரி செய்து விற்கிறார். காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கிவிட்டால், எங்கள் தோட்டத்துக்குப் பட்டா இருக்கிற மாதிரி, காலத்துக்கும் அது எங்களுடையதுதானே?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: நீங்கள் அனுப்பிய வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, இரண்டு கத்திகளும் மட்டைக்குள் இறங்கி எதிரெதிராக விரிவதைத் தம்பி அவ்வளவு ஆசையாகக் காட்டுகிறார். மனசு கனக்கிறது, ஏனென்றால் சிக்கலே அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் உலகில் எங்குமே வெளியாகாத ஒன்றுக்குத்தான் காப்புரிமை. வெளியிட்டது கண்டுபிடித்தவரே என்றாலும் விலக்கு இல்லை. அமெரிக்காவில் அப்படி வெளியிட்டவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. நம் 1970 சட்டத்தில் அரசு அறிவித்த கண்காட்சி மாதிரி சில இடங்களுக்குத்தான் 12 மாத அவகாசம், யூடியூபுக்குக் கிடையாது.

ஆனால் அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். விற்கிறவர் தன் பெயரில் காப்புரிமை கேட்டால் அதைத் தடுக்க உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அதுதான். விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை வழங்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம், நீங்களும் போடலாம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையே, இது எங்களிடம் பழைய நூல்களிலேயே இருக்கிறது என்று நம் அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எடுத்துக் காட்டியதும் 1997இல் ரத்தானது.

சரி, தம்பிக்கு வழியே இல்லையா? வீடியோவுக்குப் பிறகு உயரம் மாற்றும் அமைப்பு ஒன்றைச் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை, விற்கவும் இல்லை என்றால், அந்தத் தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாத யோசனையாகவும் இருந்தால், அதற்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். முதலில் யோசனையை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து விண்ணப்பத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போக வேண்டும். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, இணையத்திலேயே அனுப்பலாம். அதுவரை வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் படம் கேட்டால்கூட அனுப்ப வேண்டாம்.

அப்புறம் அந்தப் பட்டா விஷயம். பெயரில் கொஞ்சம் ஒலி ஒத்துப்போனாலும் பட்டாவுக்கும் பேட்டன்ட்டுக்கும் உறவில்லை. காப்புரிமை காலத்துக்கும் வராது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான், அதுவும் மூன்றாம் ஆண்டிலிருந்து வருடாவருடம் கட்டணம் கட்டினால். இன்னொன்று, இது பிறரைச் செய்யவிடாமல் தடுக்கும் உரிமை, அவ்வளவுதான். உங்கள் கருவிக்குள் வேறொருவர் காப்புரிமை பெற்ற பாகம் இருந்தால் அவர் அனுமதியில்லாமல் நீங்களே அதைச் செய்ய முடியாது. வயல் உங்களுடையது, வண்டிப்பாதை பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது என்பது மாதிரி.

புத்தகத்தில் ‘காப்புரிமை ஆசிரியருக்கே’ என்று போடுகிறார்களே, அது வேறு, அதைப் பதிப்புரிமை என்று சொன்னால் குழப்பம் வராது. தம்பியின் வீடியோவுக்கும் வரைபடத்துக்கும் அது பதிவு செய்யாமலே உண்டு, வரைபடத்துக்கு அவர் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டும். வீடியோவை அந்த ஆள் திருடிப் போட்டால் கேட்கலாம், கருவியைச் செய்து விற்பதை அதை வைத்து நிறுத்த முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தோட்டத்துக்குப் பட்டா இருக்கிறது என்று அவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறீர்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு, அது மட்டுமே சொத்தின் உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம் இரண்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், கையோடு வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டு எடுத்துவிடுங்கள்.