பள்ளியில் கொடுத்த சீட்டும் நடுவில் வரும் தரகரும்

கேள்வி: மேலூர் அருகே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பரிசோதித்த மருத்துவக் குழுவினர், இதயத்தில் சத்தம் கேட்பதாகச் சொல்லி மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனர். 5,000 ரூபாய் கொடுத்தால் காப்பீட்டு அட்டை வாங்கித் தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதாக ஊரில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய கட்டமே இன்னும் வரவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் கேட்கும் இத்தகைய சத்தங்களில் பெரும்பாலானவை கெடுதல் இல்லாத, இரத்தம் ஓடும் ஓசைதான். காய்ச்சலோ இரத்தசோகையோ இருந்தால் அது இன்னும் உரக்கக் கேட்கும். வகுப்பறை இரைச்சலுக்கு நடுவே ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தவர் எழுதியது சந்தேகத்தை மட்டுமே. அதைத் தீர்ப்பது, ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ பரிசோதனை.

தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரையுள்ளோருக்கு இப்பரிசோதனையும் மேல்சிகிச்சையும் இலவசம். சீட்டுடன் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் சென்று, பள்ளிப் பரிசோதனையில் அனுப்பப்படும் பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். உதடு நீலம் பாய்வது, மயக்கம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது ஆகியவற்றில் எது இருந்தாலும் இன்றே கிளம்புங்கள்.

தரகர்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் கட்டணம் எதுவும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதற்கான சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் நீங்களே பதியலாம்; ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கான ஒப்புதலை மருத்துவமனையே கேட்டு வாங்கும். வெளியாளுக்கு அதில் வேலையே கிடையாது. அசல் குடும்ப அட்டையை அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள். தொண்டை வலியுடன் காய்ச்சல் வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து உங்கள் மகளுக்கு முழங்காலோ கணுக்காலோ வீங்கியதா? வலி ஒரு மூட்டில் தணிந்து இன்னொரு மூட்டுக்குத் தாவியதா? அப்படியானால் இது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். 5 முதல் 15 வயதில்தான் அது மிகுதி. மூட்டு தானாகச் சரியாகிவிடும் என்பதால் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள், ஆனால் இதய வால்வு கெட்டுப்போகலாம். அந்தக் காய்ச்சல் மீண்டும் வராமல் தடுக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும். நன்றாக இருக்கிறாளே என்று பெற்றோர் நிறுத்திவிட்ட பிள்ளைகள் வால்வு சுருங்கிய நிலையில் என்னிடம் வந்திருக்கிறார்கள். மூட்டு வீக்கம் பற்றி மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இந்த அச்சத்தையெல்லாம் பள்ளியிலேயே ஐந்து நிமிடம் பேசித் தீர்த்திருக்கலாம். சீட்டைப் பெற்றோரிடம் தராமல் பிள்ளையின் கையில் திணித்துவிட்டு மருத்துவக் குழுவின் வேன் அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறது. ஜாமெட்ரி பாக்ஸுக்குள் எட்டாக மடிந்து கிடந்த சீட்டை ஏழு மாதம் கழித்துக் கொண்டுவந்த ஒரு தாயைப் பார்த்தேன். அதுவரை அவரிடம் யாரும் விசாரிக்கவில்லை. உங்கள் சீட்டை இப்போதே கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.