சூப்பர்சார்ஜர் காருக்குக் குளிர்ந்த காற்று: வாசகர் கேள்விகள்

கத்திரி வெயில் நெருங்கினாலே இன்டேக், அதாவது இன்ஜின் காற்றை இழுக்கும் வழி பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ள கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் எழுதியிருப்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸர் வைத்திருக்கிறேன். மே மாத மதியத்தில் இழுக்கவே மாட்டேன் என்கிறது, ராத்திரி ஓட்டினால் வேறு கார் மாதிரி இருக்கிறது. இன்டேக்கை இடம் மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா சார்? (அண்ணா நகர்)

தெரியும், ஆனால் எவ்வளவு என்பது உங்கள் இன்ஜின் இப்போது எந்தக் காற்றை இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து 65 டிகிரி காற்றை இழுத்தால், அதே அளவு காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. சாதாரண காரில் இதோடு போயிற்று. சூப்பர்சார்ஜரில் அந்தக் காற்றை அழுத்தும்போது சூடு இன்னும் ஏறும், நுழையும்போதே சூடாக இருந்தால் ஏறுகிற அளவும் கூடும். அரை பார் பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூடுகிற அழுத்தம்), 60 சதவீதத் திறனுள்ள ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 35-ல் நுழைந்த காற்று 100 டிகிரியை ஒட்டி வெளியே வரும், 65-ல் நுழைந்தது 135-ஐ ஒட்டி வரும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதில் பெரும்பகுதியை இறக்கிவிடும் என்பதால் இன்ஜினுக்குள் போகும்போது வித்தியாசம் இவ்வளவு இருக்காது. ஆனாலும் மிச்சம் இருக்கிற சூட்டிலேயே நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பது) ஆரம்பிக்கும், அதைத் தவிர்க்க காரின் கம்ப்யூட்டரான இசியு, பிளக் பொறி விடும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். மதியத்தில் பிக்கப் செத்துப்போவதற்கு இந்த டைமிங்தான் பெரும்பாலும் காரணம்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண புளூடூத் ஓபிடி ஸ்கேனர் போதும். இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு ஓஎம்ஆரில் 60, 70 வேகத்தில் பத்து நிமிடம் சீராக ஓட்டுங்கள், கூட இருப்பவர் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். சென்சார் ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் காரில் அந்த எண் வெளி வெப்பத்தைவிட ஐந்தாறு டிகிரிதான் அதிகம் என்றால் கம்பெனி இன்டேக் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதன்மேல் பணம் போடாதீர்கள். 15, 20 டிகிரி அதிகம் என்றால் மாற்ற விஷயம் இருக்கிறது. சென்சார் இன்டர்கூலரைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதனால் அது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறுகிற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கத்திப்பாராவில் ஐந்து நிமிடம் நின்றால் எந்தக் காரிலும் ஏறும். நகர ஆரம்பித்ததும் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் முக்கியம்.

ஃபில்டரைக் கீழே பம்பருக்குள், ஃபாக் லைட்டுக்குப் பின்னால் வைத்தால் நல்ல குளிர்ந்த காற்று கிடைக்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா அண்ணா? (வேளச்சேரி)

வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற ஊரைப் பார்த்தபிறகு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். காற்று அங்கே குளிர்ச்சிதான், மெக்கானிக் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அந்த இடம் தரையிலிருந்து முக்கால் அடி, ஒரு அடி உயரம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் தெருவில் நிற்கிற தண்ணீரை நினைத்துப் பாருங்கள். நிற்கிற தண்ணீரின் உயரம் மட்டும் கணக்கில்லை, கார் நகரும்போது முன்னால் ஒரு அலையைத் தள்ளிக்கொண்டு போகும், எதிரே ஒரு மாநகரப் பேருந்து வந்தால் அது தள்ளும் அலையும் சேர்ந்துகொள்ளும். சூப்பர்சார்ஜர் பெல்ட்டோடு சேர்ந்து ஓயாமல் சுற்றுவது, வாய்க்கு வந்ததை இழுக்கும். தண்ணீரை அழுத்த முடியாது, சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் பேச்சு ஃபில்டரைப் பற்றி இருக்காது, இன்ஜினை இறக்குவதைப் பற்றித்தான். தப்பித்தவறி அப்படித் தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் அடித்துப் பார்க்கவே கூடாது. தள்ளிக்கொண்டு போய் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி, தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

காற்று எடுக்க நல்ல இடம் ரேடியேட்டருக்கு மேலே, பானெட்டின் முன் விளிம்புக்குக் கீழே கிரில்லை ஒட்டி இருக்கிற இடைவெளி. ஹெட்லைட் உயரத்தில் இருக்கும், வெளிக்காற்று நேராக வரும். நிறைய கார்களில் கம்பெனியே அங்கிருந்துதான் எடுக்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காராக இருந்தால், எப்போதோ முன்பக்கம் இடித்து டிங்கரிங் செய்தபோது கிரில்லையும், ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸையும் இணைக்கும் அந்த பிளாஸ்டிக் குழாயைத் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏர் பாக்ஸ் மட்டும் ரேடியேட்டர் ஃபேன் தள்ளுகிற சூட்டை வாய் திறந்து இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் குழாயைப் புதுப்பேட்டை பழைய உதிரி பாகக் கடைகளில் தேடிப் பிடித்து மாட்டினாலே உங்கள் வேலை முடிந்துவிடலாம்.

அதுவும் இருந்து, இன்னும் சூடாக இருந்தால் ஏர் பாக்ஸைச் சுற்றி அடையுங்கள். இன்ஜின் பக்கம் அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்பு, அதன் மேல் விளிம்பில் பானெட்டை மூடும்போது அழுந்துகிற மாதிரி ரப்பர் பீடிங். பானெட்டைத் திறந்து பார்த்தால் பீடிங் அழுந்திய கோடு பானெட்டின் அடியில் முழு நீளத்துக்கும் தெரிய வேண்டும். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அங்கே சூடு உள்ளே வருகிறது.

ஹார்டுவேர் கடை பிவிசி பைப்பை வளைத்து மாட்டலாமா? அலுமினியம் சூடாகிவிடும் என்கிறார்களே? (தாம்பரம்)

பிவிசி வேண்டாம், 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும், இன்ஜின் ரூமில் அந்தச் சூடு சாதாரணம். அலுமினியம் சூடாகும் என்பது சரி, ஆனால் 70 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மீட்டர் குழாய்க்குள் கிட்டத்தட்ட 4 லிட்டர் காற்றுதான் இருக்கும். முழு ஆக்சிலரேட்டரில் 1.8 லிட்டர் இன்ஜின் அதை ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் காலி செய்துவிடும், சூடேற அவகாசமே இல்லை. சிக்னலில் நிற்கும்போதுதான் குழாயின் சூடு காற்றில் ஏறும். அதைவிட வளைவுகளுக்குப் பயப்படுங்கள்: குழாய் நெருக்கினால் கம்ப்ரஸர் இன்னும் கஷ்டப்பட்டு இழுத்துச் சூட்டைக் கூட்டும், குளிர்ந்த காற்றில் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். மெலிந்த ரப்பர் ஹோஸும் கூடாது, உறிஞ்சும் வேகத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

இடம் மாற்றியதிலிருந்து ஐடில் ஏறி இறங்குகிறது, செக் இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஃபில்டர் எண்ணெய் தடவும் பஞ்சு வகை. (போரூர்)

எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள கார் என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். சென்சாருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில் எங்காவது கிளாம்ப் தளர்ந்திருந்தால் சென்சார் எண்ணாத காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் குறையும், ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பிளஸ்ஸில் ஏறியிருக்கும். தேவைக்கு மேல் உள்ள காற்றைத் திருப்பி அனுப்பும் பைபாஸ் வால்வின் திரும்பும் குழாயைச் சென்சாருக்கு முன்னால் சேர்த்திருந்தால் அதே காற்று இரண்டு தடவை எண்ணப்படும், அதைச் சென்சாருக்குப் பின்னால் மாற்றுங்கள். சென்சார் பொருந்தும் இடத்தின் விட்டம் கம்பெனி அளவே இருக்க வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்ச தூரம் நேர்க் குழாயும் வேண்டும். பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனாலும் சென்சாரின் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். மெட்ரோ வேலை நடக்கும் நம் சாலைத் தூசிக்கு நல்ல பேப்பர் ஃபில்டரே என் விருப்பம்.

மினி கூப்பர் எஸ் பானெட்டில் இருக்கிற மாதிரி ஒரு ஸ்கூப் வைத்தால் ஈசிஆரில் வேகமாகப் போகும்போது பூஸ்ட் கூடுமா? (நீலாங்கரை)

கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தருகிற அழுத்தம் 4, 5 மில்லிபார், உங்கள் பூஸ்ட் 500 மில்லிபார். அந்தப் பழைய மினியில் ஸ்கூப் இருப்பது இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலருக்காக, இன்டேக்குக்காக இல்லை.

ஊட்டிக் குளிரில் பவர் கூட வேண்டுமே, எனக்குக் குறைகிறதே? (ஆவடி)

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவு, குளிரால் கிடைப்பது ஆறேழு சதவீதம்தான். சென்னைப் புழுக்கமும் கொஞ்சம் தின்னும்: பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியைத் தொடும் நாட்களில் காற்றில் 3 சதவீதம் வெறும் நீராவி. இரண்டுக்கும் இன்டேக்கில் வைத்தியம் இல்லை.

இதற்கெல்லாம் ஆர்டிஓ அபராதம் போடுவார்களா? (பெரம்பூர்)

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனி குழாயைத் திரும்ப மாட்டுவதும் தடுப்புத் தகடு வைப்பதும் பதிவு விவரம் எதையும் தொடுவதில்லை. சூப்பர்சார்ஜர் இல்லாத காரில் புதிதாக ஒன்றை ஏற்றுவது வேறு விவகாரம். எதைச் செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாமல் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பணம் வாங்குவது கஷ்டம், அதோடு இன்டேக்கும் மாற்றியிருந்தால் இன்னும் கஷ்டம்.

ஆடி ஏ6 3.0 டிஎஃப்எஸ்ஐ. இன்டேக்கை நன்றாக அடைத்துவிட்டேன், வெப்பநிலை இறங்கவே இல்லை. (ராயப்பேட்டை)

அந்த இன்ஜினில் இன்டர்கூலர் சூப்பர்சார்ஜர் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரால் குளிரும் வகை. அந்தத் தண்ணீரைச் சுற்ற வைக்கத் தனியாக ஒரு மின்சாரப் பம்ப் உண்டு. பம்ப் நின்றாலோ, கூலன்ட் மாற்றியபோது காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டாலோ நீங்கள் முன்னால் எவ்வளவு குளிர்ந்த காற்று கொடுத்தும் பயனில்லை. முதலில் பம்ப் ஓடுகிறதா என்று ஸ்கேனரில் இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிறது என்றால் கூலன்ட்டை முறையாக பிளீட் செய்து (மாட்டியிருக்கும் காற்றை வெளியேற்றி), முன்பக்கச் சின்ன ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்திருக்கும் தூசி, பூச்சியைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவிவிட்டு, மறுபடி அதே சாலையில் அளந்து எழுதுங்கள்.